அருகில் உண்டு

திரையில் அந்த ஆம்புலன்ஸ் வண்டி மேம்பாலத்தை மூன்றாவது முறையாக ஏறி இறங்கியபோதுதான் பிரதீபா மெல்லுவதை நிறுத்தினாள். அவள் வாயில் கேசரி இருந்தது. இயக்குநர் நந்தகோபால் தன் கையாலேயே கிண்ணத்தில் வைத்துக் கொடுத்த கேசரி. விருந்தாளிகள் வந்திருக்கிற நாளில் மட்டும் அவருக்கு ஊழியர்கள் மேல் இந்தப் பாசம் பொத்துக்கொண்டு வரும். விழுங்கவும் முடியவில்லை, அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் துப்பவும் முடியவில்லை. காகிதத்தில் சத்தமில்லாமல் உமிழ்ந்து கசக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். வண்டி பாலத்தை விட்டு இறங்கி மேகலை மருத்துவமனைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே அது ஏற்கெனவே ஒரு தடவை போய்விட்டு வந்திருந்தது.

கொங்குப் பெருநகரத்தின் ஆம்புலன்ஸ்கள் அத்தனையும் அவள் உட்கார்ந்திருந்த அந்தக் கட்டுப்பாட்டு மண்டபத்திலிருந்துதான் ஓடின. வண்டிகளில் ஓட்டுநர் கிடையாது. ஓர் உதவியாளர், ஒரு நோயாளி, நோயாளியின் ஆள் ஒருவர், அவ்வளவுதான். எங்கே போவது, எந்தத் தெருவில் திரும்புவது, யாருக்கு வழிவிடுவது என்பதையெல்லாம் 'வழித்துணை' என்ற மென்பொருள் பார்த்துக்கொண்டது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதில் ஊர்ந்து திரியும் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு மனித உடம்பு படுத்திருக்கிறது என்பதை மண்டபத்தில் இருந்தவர்கள் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மறந்தால்தான் கேசரி இறங்கும்.

மற்றப் பெருநகரங்களிலிருந்து வந்திருந்த ஆணையர்களுக்கு நந்தகோபால் விளக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க போன்லருந்து ஒரு போட்டோ அனுப்பறீங்க. அது எப்படிப் போகுதுங்கறீங்க? துண்டு துண்டாப் போகுதுங்க. ஒவ்வொரு துண்டும் ஒரு சந்திக்கு வரும். அந்தச் சந்திக்கு ஊரு முழுக்கத் தெரியாது, பக்கத்துச் சந்தியை மட்டும்தான் தெரியும். 'உன் வழியாப் போனா எவ்வளவு தூரம்?'னு பக்கத்துல கேட்கும். யாரு கம்மியாச் சொல்றாங்களோ அங்க தள்ளி விட்டுரும். உலகத்துல அத்தனை சேதியும் இப்படிப் பக்கத்துல கேட்டுக் கேட்டுத்தான் போகுது. நாங்க அதையே நோயாளிக்குப் பண்றோமுங்க. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு சந்தி. கட்டில் எங்க இருக்குன்னு ஒண்ணை ஒண்ணு கேட்டுக்கும். வண்டி தானாப் போயிரும்."

"வழியில கூட்டம் சேர்ந்துட்டா?" என்று ஓர் அம்மையார் கேட்டார். வந்தவர்களிலேயே அவர்தான் கொஞ்சம் கேள்வி கேட்கிறவராகத் தெரிந்தார்.

"சேரவே விடமாட்டமுங்க. நெரிசல் வரும்னு தெரிஞ்சாலே வேற வழி. எங்க ஊருல நோயாளி காத்திருக்கிற நேரம் பாதியாக் குறைஞ்சுபோச்சு."

பட்டுச் சேலைகளும் சந்தனப் பொட்டுகளும் தலையாட்டின. இந்த யோசனையே பிரதீபாவுடையதுதான். பல வருடம் இணைய நிறுவனம் ஒன்றில் வழிகளைக் கட்டி மேய்த்தவள். யாரோ அனுப்பும் சினிமாத் துணுக்கு ஒரு கணம் தாமதமானால் பதறி எழுந்து ஓடுகிற வேலை. இந்தப் பதற்றத்தை உயிருக்காகப் பட்டால் என்ன என்று தோன்றித்தான் இங்கே வந்தாள். வந்த புதிதில் அவளுக்குத் தன் வேலைமேல் பெருமைகூட இருந்தது.

காதுக்கருவியைப் பொருத்திக்கொண்டு அந்த வண்டியை அழைத்தாள். உதவியாளர் நஸ்ரின் எடுத்தாள்.

"யாரு உள்ள?"

"அம்சவேணிங்க மேடம். சாயப்பட்டறையில வேலை. கழிவுத் தொட்டியைக் கழுவ உள்ள இறக்கி விட்டிருக்காங்க. கேஸ் அடிச்சு விழுந்துருச்சு. நான் கையில காத்துப் பை வெச்சு அமுக்கிட்டே வரேன், அதுலதான் மூச்சு ஓடுது. மெஷின் வேணும் மேடம். உடனே வேணும்."

"எங்கெங்க போனீங்க?"

"மேகலை, வெண்பிறை, சோலைவனம். வாசல் வரைக்கும் போகுது, கதவு திறக்கறதில்லை. 'அடுத்த மருத்துவமனையில் கட்டில் உண்டு'ன்னு சொல்லிட்டு வண்டி திரும்பிருது. இப்ப மறுபடியும் மேகலைக்கே வந்துட்டம். என்னங்க மேடம் இது, கோயில் சுத்தற மாதிரி?"

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. அம்சவேணியின் கணவன் குழந்தைவேலு. "ஏனுங், யாராச்சும் ஒருத்தரு முடியாதுன்னாவது சொல்லுங். எம்பட பொண்டாட்டியைத் தூக்கிட்டு நான் எங்கயாச்சும் ஓடறன்."

பிரதீபா மேகலை மருத்துவமனையின் வரவேற்பை அழைத்தாள். இனிமையான பெண் குரல். குரலில் தேனைத் தடவித்தான் அங்கே வேலைக்கே எடுப்பார்கள் போலும்.

"மூச்சு மெஷினோட கட்டில் உங்ககிட்ட இருக்கா?"

"பக்கத்துல உண்டுங்க மேடம். வெண்பிறையில."

"வெண்பிறையைக் கேட்கலம்மா. உங்ககிட்ட?"

"எங்களுக்குப் பக்கத்துல உண்டுன்னு காட்டுதுங்க."

"உங்க ஆஸ்பத்திரியில, உங்க கூரைக்குக் கீழ, இப்ப ஒரு கட்டில் காலியா இருக்கா? ஆமாவா, இல்லையா?"

அந்தப் பெண், ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தியதைப் போல, "அந்த மாதிரிச் சொல்லக் கூடாதுங்க மேடம்," என்றாள்.

அதுதான் விஷயம். இந்த ஊரில் அப்படித்தான். வீட்டில் உப்புத் தீர்ந்துவிட்டால் 'உப்பு இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'உப்பு வாங்கணும்' என்பார்கள். கடையில் சரக்குத் தீர்ந்தாலும் 'நாளைக்கு வந்துரும்', 'பக்கத்துக் கடையில இருக்கும் பாருங்க'. கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொன்னால் லட்சுமி போய்விடுவாளாம். உப்புக்கும் புளிக்கும் இருந்தவரையில் அதில் ஒரு அழகுகூட இருந்தது. வழித்துணை வந்த புதிதில் ஒவ்வொரு மருத்துவமனைத் திரையிலும் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன. 'இல்லை' என்று அமுக்கினால் வாசலில் சிவப்பு எழுத்தில் அதே சொல் தெரியும், தர வரிசையிலும் ஒரு படி இறங்கும். மருத்துவமனை முதலாளிகள் கூட்டம் போட்டுக் கொதித்தார்கள். "வாசல்ல இல்லைன்னு எழுதி வெச்சுட்டு எப்படிங்க தொழில் பண்றது? விளக்கு வெக்கற நேரத்துல அந்தச் சொல்லைப் பார்க்கறதா?" என்றார் ஒருவர். உடனே நந்தகோபால் குழைந்து, இன்னொரு பொத்தானைக் கண்டுபிடித்தார்: 'அருகில் உண்டு'. கொஞ்ச நாளில் 'இல்லை' பொத்தானே காணாமல் போயிற்று.

எல்லோரும் அருகில் உண்டு என்றால் அந்த 'அருகில்' எங்கே இருக்கிறது என்று பிரதீபா அந்தக் கூட்டத்திலேயே எழுந்து கேட்டாள். சிரித்தார்கள். "எங்க ஊருல இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லீங்கம்மா," என்று ஒரு பெரிய டாக்டர் அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

இன்றைக்குக் காலையில் மேகலையில் உண்மையிலேயே ஒரு கட்டில் இருந்தது. 'உண்டு' என்று அது சொன்னதை வெண்பிறை கேட்டு 'அருகில் உண்டு' என்றது. அதைச் சோலைவனம் கேட்டு அதுவும் அப்படியே சொன்னது. பிறகு மேகலையின் கட்டில் நிரம்பியது. இல்லை என்று சொல்ல வாயில்லாத மேகலை அக்கம்பக்கம் பார்த்தது. சோலைவனம் 'அருகில் உண்டு' என்றது. காலையில் தான் அனுப்பிய சேதியே ஊரைச் சுற்றிவிட்டுத் தன் வாசலுக்கு விருந்தாளியாக வந்து நிற்பது மேகலைக்குத் தெரியவில்லை. மூன்று மருத்துவமனைகளும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நல்ல பெயரோடு பச்சையாக மின்னின. நடுவில் ஒரு பெண் பை அமுக்குகிற மூச்சில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பிரதீபா எழுந்து போய் நந்தகோபாலின் காதருகே சொன்னாள். "சார், ஒரு வண்டி சுத்தல்ல மாட்டிக்கிச்சு. நான் கையால மாத்தணும். அதுக்கு உங்க கட்டைவிரல் ரேகை வேணும்."

அவர் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடியே உதட்டை அசைக்காமல் பேசினார். அந்தக் கலையில் அவருக்கு நல்ல தேர்ச்சி. "இப்பவா? தானியங்கின்னு இவ்வளவு நேரம் சொல்லிட்டு இப்ப நான் எழுந்து போயி விரலை வெச்சா அசிங்கமா இருக்காது? இவங்க கிளம்பட்டும்."

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு செத்துரும்."

"சாகாது. அதான் 'நிறைவு' இருக்கே."

பிரதீபாவுக்கு அவர் சொன்னது பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. இணையத்தில் ஒரு துண்டுச் சேதி வழி தவறிச் சுற்றிக்கொண்டே இருந்தால், இத்தனை கை மாறியதும் அதைத் தூக்கி எறிந்துவிடு என்று ஒரு விதி உண்டு. எறியாவிட்டால் வழியெல்லாம் சுற்றுகிற குப்பையே நிறைந்து மற்றச் சேதிகள் நகர முடியாமல் போகும். இங்கேயும் அவள் அந்த விதியை வைத்திருந்தாள். ஏழு கை மாறினால் மண்டபத்தில் மணி அடிக்க வேண்டும், ஒரு மனிதர் எழுந்து வந்து பார்க்க வேண்டும். அவள் எழுதிக் கொடுத்தது அதுதான்.

"மணி அடிக்கிறதை எடுத்துட்டீங்களா?"

"சதா அடிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா, எழவு வீடு மாதிரி. இப்ப ஏழு ஆச்சுன்னா வண்டி ஏத்தின இடத்துலயே கொண்டுபோயி மரியாதையா இறக்கி விட்டுரும். வண்டியும் அடுத்த ஆளுக்குக் கிடைக்கும். கணக்குல 'நிறைவு'ன்னு வந்துரும். காத்திருப்பு நேரத்துலயும் சேராது." அவர் அவள் தோளைத் தட்டினார். "நீ போட்ட விதிதானே? நான் கொஞ்சம் மெருகு ஏத்தினேன்."

அவர் தொட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது அவளுக்கு. காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்த மாயம் இதுதான். காத்திருந்து காத்திருந்து தோற்றவர்களைத் திரும்பக் கொண்டுபோய்ப் பட்டறை வாசலிலும் வீட்டு வாசலிலும் கொட்டிவிட்டு, அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் நேரம் குறையாமல் என்ன செய்யும்? இதற்கு ஒரு மங்கலமான பெயர் வேறு. எத்தனை பேர் இப்படி நிறைந்தார்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் அவர் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்.

தன் இருக்கைக்குத் திரும்பினாள். திரையின் ஓரத்தில் பெரியாஸ்பத்திரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. பத்து நாளாக அது அப்படித்தான் கிடக்கிறது. நிரம்பி வழிகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவளும்தான். வேறு வழி தெரியாமல் அங்கே அழைத்தாள். டாக்டர் மாசிலாமணி என்பவர் எடுத்தார்.

"மூச்சு மெஷின் ஒண்ணு கிடைக்குமா டாக்டர்? கெஞ்சிக் கேட்கறேன்."

"ஒண்ணா? நாலு சும்மா கிடக்குது," என்றார் அவர் எரிச்சலோடு. "நானே கேட்கணும்னு இருந்தேன். என்னங்க பண்றீங்க அங்க உக்காந்துட்டு? பத்து நாளா இந்த வாசலுக்கு ஒரு வண்டி வரலை. நர்சுங்க மெஷினைத் துடைச்சுத் துடைச்சு வெக்கறாங்க. ஊருல எவனுக்கும் மூச்சு முட்டறதில்லையா?"

"பத்து நாளைக்கு முன்னாடி என்ன அமுக்கினீங்க?"

"அன்னைக்கு நாலும் நிறைஞ்சிருந்துச்சு. இல்லைன்னு அமுக்கினேன். எங்களுது பழைய திரை, அந்தப் பொத்தான் இன்னும் இருக்கு. மறுநாளே காலியாச்சு, உண்டுன்னு அமுக்கினேன். தினம் அமுக்கறேன்."

பிரதீபா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "இல்லைன்னு சொன்னதால உங்களை அடியில தள்ளிடுச்சு டாக்டர். இப்ப நீங்க உண்டுன்னு கத்தினாலும் பக்கத்து ஆஸ்பத்திரி யாரும் காதுல வாங்க மாட்டாங்க. மத்தவங்க யாருமே இல்லைன்னு சொல்றதில்லை. நிறைஞ்சுபோனாலும் 'அருகில் உண்டு'ன்னுதான் அமுக்குவாங்க. அதனால அவங்க எப்பவும் மேல இருக்காங்க, வண்டியெல்லாம் அவங்களையே சுத்துது."

"அடப் பாவிகளா," என்றார் மாசிலாமணி. அவர் குரல் சட்டென்று தணிந்துவிட்டது. "அப்ப இத்தனை நாளா என்னோட ஒரு சொல்லாலதான்..." அவர் முடிக்கவில்லை. "சரி, அந்தப் பொண்ணை எப்படியாவது கொண்டு வாங்க. நான் வாசல்ல நிக்கறேன்."

வண்டி நஸ்ரினின் பேச்சைக் கேட்காது. பிரதீபாவின் பேச்சையும் இயக்குநரின் விரல் இல்லாமல் கேட்காது. ஆனால் தீப்பிடித்தால் இழுப்பதற்கென்று உள்ளே ஒரு சிவப்புப் பிடி இருந்தது.

"நஸ்ரின், பிடியை இழுத்து வண்டியை நிறுத்திட்டு எல்லாரும் இறங்குங்க. வேற வண்டி பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. எந்த வண்டியானாலும் சரி."

"என் வேலை போயிரும் மேடம்," என்றாள் நஸ்ரின். அடுத்த கணமே, "அண்ணா, நீங்க கால் பக்கம் பிடிங்க," என்று அவள் சொல்வதும், கதவு அலறித் திறப்பதும் கேட்டது.

பனியன் மூட்டை ஏற்றிவந்த குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்றைக் குழந்தைவேலு நடுரோட்டில் கையை விரித்து மறித்தான். வழித்துணைக்குள் வராத, மனிதன் ஓட்டுகிற வண்டி. ஓட்டுநர் ஒரு வார்த்தை கேட்காமல் பாதி மூட்டைகளைச் சாலையோரம் தள்ளிவிட்டு மீதியின் மேல் அம்சவேணியைப் படுக்க வைத்தாராம். நஸ்ரின் மூட்டைகளுக்கு நடுவே மண்டியிட்டுப் பையை அமுக்கிக்கொண்டே வந்தாள். அவளுடைய போன் வழியாகப் பிரதீபா கேட்டது இரைச்சலையும், "வழி விடுங்க, வழி விடுங்க சாமி" என்று குழந்தைவேலு தொண்டை கிழியக் கத்துவதையும் மட்டும்தான்.

மண்டபத்துத் திரையில் காலி ஆம்புலன்ஸ் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கதவைத் தானே மூடிக்கொண்டு வெண்பிறைக்குப் போனது, சோலைவனத்துக்குப் போனது, மறுபடியும் மேகலைக்குப் போனது, ஏழாவது கையும் மாறியதும் சாயப்பட்டறை வாசலுக்குப் போய் நின்றது. அங்கே பின்கதவைத் திறந்து, யாரும் இறங்காத வெறும் படுக்கையை வெயிலுக்குக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. திரையில் அம்சவேணி என்ற பெயருக்கு எதிரே பூப்போட்ட பச்சை எழுத்தில் 'நிறைவு' என்று வந்தது.

"நிறைவுன்னா குணமாயிட்டாங்களா?" என்று கேள்வி கேட்கிற அம்மையார் கேட்டார்.

"பத்திரமா வீட்டுக்கு அனுப்பிட்டமுங்க," என்றார் நந்தகோபால்.

"ரொம்ப நல்ல வார்த்தை. எங்க ஊருல 'முடித்துவைப்பு'ன்னு போடறோம், கேட்கவே ஒரு மாதிரி இருக்கும். இதை நாங்க எடுத்துக்கலாமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். பிரதீபா அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு அத்தனை பேர் மேலும் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

அதே நேரம் காதுக்கருவியில் மாசிலாமணி வந்தார். மூச்சிரைத்தது. "பொண்ணு வந்துருச்சு. ஆனா மெஷின் ஓடமாட்டேங்குது. பேரைப் போட்டா 'இவர் நிறைவு பெற்றவர், கட்டில் ஒதுக்க இயலாது'ன்னு வருது. பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருக்கேன், உசுரு இருக்குங்க! இந்தக் கழுதைக்கு எப்படிப் புரிய வெக்கறது?"

"வேற பேருல போடுங்க."

"போட்ட பேருக்கு ஒரு ஆளு இருக்கணுமே. அடையாள எண்ணைக் கேட்குது."

"என் பேரைப் போடுங்க. பிரதீபா. எண் சொல்றேன், எழுதிக்கங்க."

அவர் தயங்கினார். "மேடம், நான் இதுவரைக்கும் பொய்யா ஒண்ணும் பதிஞ்சதில்லை."

"இன்னைக்குப் பதியுங்க டாக்டர்," என்றாள். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் குரல் உயர்ந்துவிட்டது. சிறிது நேரத்தில், இயந்திரம் காற்றை உள்ளே தள்ளும் சத்தம் காதுக்குள் சீராகக் கேட்கத் தொடங்கியது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மாலையில் வேலை முடிந்ததும் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். தன் பெயர் எழுதிய அட்டைக்குக் கீழே தனக்குத் தெரியாத ஒரு பெண் உயிரோடு படுத்திருப்பதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. அம்சவேணியின் நகங்களில் இன்னும் நீலச்சாயம் போகவில்லை. கண்ணிமை அசைந்தது. குழந்தைவேலு கட்டிலின் காலடியில் தரையில் குந்தியிருந்தான். பிரதீபா யார் என்று நஸ்ரின் சொன்னதும் எழுந்து நின்றான்.

"கண்ணு முழிச்சா என்னன்னு கூப்பிடறதுங்? அம்சான்னா, பிரதீபான்னா?"

"அம்சான்னே கூப்பிடுங்க."

"சரிங்க. ஆனா யாராச்சும் வந்தா மட்டும் பிரதீபான்னு கூப்பிடறன். திட்டறதானாலும் அந்தப் பேருலயே திட்டிக்கறன்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். அன்றைக்கு முழுவதிலும் பிரதீபாவுக்கு அருவருப்பு இல்லாமல் பார்க்க முடிந்த முகம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் மற்ற மூன்று கட்டில்களையும் கவனித்தாள். மூன்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மூன்று இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. பத்து நாளாக வராத வண்டிகள் ஒரே மத்தியானத்தில் எப்படி வந்தன?

மாசிலாமணி வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தார். குட்டையான மனிதர், சட்டைப் பையில் நான்கைந்து பேனா. அவர் முன்னால் புத்தம்புதுத் திரை ஒன்று இருந்தது.

"மத்தியானமே போன் பண்ணிப் புதுத் திரை கேட்டேன். உடனே கொண்டுவந்து மாட்டிட்டாங்க, கூடவே ஒரு டப்பா கேசரி," என்றார். "நீங்க சொன்னீங்களே, அப்பத்தான் புரிஞ்சுது. நானும் 'அருகில் உண்டு'ன்னு அமுக்கினேன். அவ்வளவுதான், மேல ஏறிட்டோம். அதுக்கப்புறம் 'உண்டு'ன்னு அமுக்கினேன், கொஞ்ச நேரத்துல மூணு வண்டி. மூணு உசுரு மேடம். பத்து நாள் உண்மையைச் சொல்லி ஒருத்தரைக்கூடக் காப்பாத்தலை நான்."

பிரதீபா பதில் சொல்வதற்குள் திரை சிணுங்கியது. ஒரு வண்டி வருகிறது; கட்டில் உண்டா என்று கேட்டது. வாசலுக்கு வெளியே சாலைத் திருப்பத்தில் விளக்கு சுழல்வது தெரிந்தது.

மாசிலாமணி உள்ளே திரும்பி நான்கு கட்டில்களையும் பார்த்தார். பிறகு விரலை நீட்டி 'அருகில் உண்டு' என்பதை அமுக்கினார்.

"டாக்டர்!"

"என்ன பண்ணச் சொல்றீங்க? அந்தப் பழைய பொத்தான் இதுல கிடையாது. சும்மா விட்டாலும் பதில் சொல்லலைன்னு கீழ தள்ளிரும். திரும்பவும் பத்து நாள், பதினஞ்சு நாள் ஒருத்தரும் வரமாட்டாங்க. நாளைக்கு இந்தக் கட்டில்ல ரெண்டு காலியாகும். அதுக்கு ஆளு வரணும்னா இந்த ஒரு வண்டியை..." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவளிடம் கெஞ்சுகிற மாதிரி கேட்டார். "பக்கத்துல எங்கயாச்சும் இருக்கும்ல மேடம்?"

ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்த மூன்று மருத்துவமனைகளோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டது தன் வாய்தான் என்பது பிரதீபாவுக்குப் புரிந்தது. ஊரிலேயே ஒரே ஒரு மனிதர் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் அவளே பாடம் நடத்திவிட்டாள். கேசரியின் நெய் மணம் அந்த மேசையிலிருந்தும் வந்தது. வண்டியை நிறுத்த வெளியே ஓடினாள்.

வண்டி வாசலுக்குள் நுழைந்து, கதவு திறக்காமலே திரும்பத் தொடங்கியிருந்தது. பிரதீபா அதன் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். குழந்தைவேலு செய்ததைத்தான் செய்தாள். ஆனால் இந்த வண்டியை ஓட்டுவதற்கு மனிதன் இல்லை. அது அவளை இடிக்காமல் ஒரு முழ தூரத்தில் நின்றது. "முன்னால் நெரிசல். மாற்று வழி பார்க்கப்படுகிறது," என்று கனிவான குரலில் சொன்னது. அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

கண்ணாடிக்கு உள்ளே ஒரு பெரியவர் யாருடைய தலையையோ மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை விரித்துக்கொண்டு எதிரே நிற்கிற பெண்ணைப் பார்த்ததும், தங்களை உள்ளே அழைத்துப் போக வந்தவள் என்று நினைத்துவிட்டார். முகம் மலர்ந்து, ஒரு கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டார்.

வண்டி பின்னால் நகர்ந்து, வடக்கு வாசல் வழியாக வெளியேறி மேகலையை நோக்கிப் போயிற்று.